‘நானே போறேன்’ என்கிறாள் மகள்: எவ்வளவு விடலாம், எங்கே பிடிக்கலாம்?

பதிலளிப்பவர்: குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன. கடிதத்தின் சுருக்கம் இது:

“என் மகளுக்கு ஐந்தரை வயது. முப்பதாவது வாரத்தில் குறைப்பிரசவத்தில் பிறந்தவள். ஒன்றரை வயதில் ‘ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா’ வகை மூளை முடக்குவாதம் என்றார்கள். பேச்சு, புரிதல் எல்லாம் வயதுக்கேற்ப இருக்கிறது. கால்களில்தான் இறுக்கம். ஏ.எஃப்.ஓ. (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பிளாஸ்டிக் உறை) போட்டுக்கொண்டு, பின்பக்கம் இருக்கும் வாக்கரை இழுத்தபடி நடக்கிறாள். ஆறு மாதமாக எதற்கெடுத்தாலும் ‘நானே’ என்கிறாள். போன வாரம் வாக்கரில் ஒரு துணிப்பையை மாட்டி, அதில் தண்ணீர் பாட்டிலைப் போட்டு, அடுப்படியிலிருந்து பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ‘விழுந்தா யார் பொறுப்பு’ என்று மாமியார் இடுப்பில் தூக்கிக்கொள்கிறார். ‘இவ்வளவு நல்லா நடக்கிறவளுக்கு இனி எதுக்கு வாக்கர்? வீல்சேர் பேச்சே எடுக்காதே, சோம்பேறி ஆயிடுவா’ என்கிறார் கணவர். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் முத்திரை குத்தியது போலாகிவிடும் என்றும் தயங்குகிறார். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. நான் நாள் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும் என்றும், விளையாட்டு விழாவில் அவள் வேண்டாம் என்றும் பள்ளியில் சொல்கிறார்கள். உறவினர் வீட்டுக் காதுகுத்தில் மேடை வரை நடந்தாள். எல்லாரும் கைதட்டியதும் கால் விறைத்து முழங்காலில் விழுந்தாள். அதிலிருந்து நாலு பேர் முன்னால் நடக்க மாட்டேன் என்கிறாள். வந்த தைரியம் போய்விட்டதா? இடுப்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். வலி இல்லாதபோது தேவையா? மூன்று வீடு தள்ளியிருக்கும் கடைக்குத் தனியாகப் போகக் கேட்கிறாள். விடலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் துணிப்பை விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். வாக்கர் பிடிக்கும் பிள்ளைக்கு இரண்டு கையும் காலி இல்லை. அதனால் எதையும் எடுத்து வர முடியாது என்பதுதான் பெரிய தடை. அந்தத் தடையை உங்கள் மகள் தானாகவே தீர்த்திருக்கிறாள். பத்தடி கூடுதலாக நடப்பதைவிட இது பெரிய வளர்ச்சி. உங்களுக்கு அழுகை வந்ததில் வியப்பில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பையில் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம், பின்கம்பியில் மாட்டாமல் பக்கக் கம்பியில் மாட்டுங்கள். கனம் பின்னால் போனால் வாக்கர் சாயும்.

காதுகுத்தில் நடந்தது தைரியக் குறைவே இல்லை. ஸ்பாஸ்டிக் வகையில் திடீர்ச் சத்தம், பதற்றம், ஏன், அளவுகடந்த மகிழ்ச்சி வந்தால்கூடத் தசை இறுக்கம் ஒரு நொடியில் கூடிவிடும். தொடைகள் ஒட்டிக்கொண்டு கால்கள் குறுக்கிடும், குதிகால் தூக்கும். அவளைப் பாராட்டிய அதே கைதட்டல்தான் அவள் காலை விறைக்க வைத்தது. இதை அவளுக்கே சொல்லுங்கள்: “திடீர்னு சத்தம் கேட்டதும் கால் டைட் ஆயிடுச்சு. நீ தப்பா எதுவும் பண்ணல.” ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். விறைத்தால் நின்று, வாக்கரைப் பிடித்தபடி முழங்காலை லேசாக மடக்கி, மூச்சை மெதுவாக விட்டு, பிறகு அடுத்த அடி வைக்கக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் முதலில் இரண்டு பேர் முன்னால், பிறகு நான்கு பேர் முன்னால் என்று கூட்டலாம். உறவினர்களிடம் முன்கூட்டியே, “கைதட்ட வேண்டாம், வந்து சேர்ந்த பிறகு பேசுங்கள்” என்று சொல்லிவைப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாராட்டும்போது அவள் செய்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுங்கள். “சூப்பர்”, “வெரிகுட்” என்பவை பத்து முறை கேட்டதும் வெறும் சத்தமாகிவிடும். “பாட்டிலை மூடி இறுக்கிட்டுப் பையில போட்ட பாரு, அதான் சிந்தல” என்றால் எதைச் சரியாகச் செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். கைபேசியில் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதாகவும் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. வைக்கும் முன் அவளிடம் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். விழுவது, அழுவது, உடை மாற்றுவது, பாத்ரூம் பழக்குவது ஆகியவை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது.

இனி உங்கள் கணவரின் கேள்வி. வாக்கரை எப்போது விடுவாள்? அவர் ஆசை நியாயமானது, ஆனால் அளவுகோல் தவறு. மூளை முடக்குவாதக் குழந்தைகளின் இயக்கத் திறனை ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலைகளாகப் பார்க்கிறோம். கையில் பிடிக்கும் சாதனத்தோடு வீட்டிலும் பள்ளியிலும் நடப்பது மூன்றாம் நிலை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் அங்கே இருக்கலாம். நேரில் பார்க்கும் சிகிச்சையாளர்தான் உறுதியாகச் சொல்ல முடியும். உட்கார்தல், நிற்றல், நடத்தல் போன்ற பெரிய அசைவுகளில் பெரும்பங்கு வளர்ச்சி ஐந்து வயதையொட்டி வந்துவிடுகிறது. அதன்பின் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது அரிது. ஆகவே வாக்கரிலிருந்து பிற்பாடு முழங்கை ஊன்றுகோலுக்கு அவள் போகலாம். எதையும் பிடிக்காமல் தெருவில் நடப்பதை இலக்காக வைத்தால் வீட்டில் எல்லாருக்கும் ஏமாற்றமே மிஞ்சும். அந்த ஏமாற்றத்தை உங்கள் முகங்களில் முதலில் படிப்பவள் அவள்தான்.

ஆனால் தானே உடுத்துவது, கழிப்பறை போவது, சாப்பிடுவது, பொருள் எடுத்து வருவது, உதவி வேண்டுமென்றால் கேட்பது, வேண்டாமென்றால் மறுப்பது ஆகியவற்றுக்கு இப்படி ஒரு வயது வரம்பு இல்லை. அவை பதின்வயதிலும் அதற்கு அப்பாலும் வளரும். கணக்கு வைப்பதாக இருந்தால் இவற்றை வையுங்கள். வாக்கரைப் பறித்துவிட்டுச் சுவரைப் பிடித்து நடக்கவைத்தால் முதுகு வளைந்து, முழங்கால் மடங்கி, கை முழுக்கச் சுவரில்தான் இருக்கும். வாக்கரோடு நிமிர்ந்து, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து நடக்கிறாளே, அதில்தான் அவளுக்குச் சுதந்திரம் கூடுதல்.

வீல்சேர் சோம்பேறி ஆக்கும் என்பதும் பரவலான பயம். இந்தக் குழந்தைகளுக்கு ஒவ்வொரு அடிக்கும் சம வயதுப் பிள்ளைகளைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகிறது. பள்ளி வாசலிலிருந்து வகுப்புக்கு நடந்தே களைத்துவிட்டால், எழுதவும் விளையாடவும் அவளிடம் என்ன மிச்சமிருக்கும்? வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் வாக்கர். திருவிழா, ரயில் நிலையம், கடைவீதி, பள்ளி மைதானம் போன்ற நீண்ட தூரத்துக்கு அவளே உருட்டும் வீல்சேர். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது வழக்கமான ஏற்பாடு. எதை எப்போது என்று அவளைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். வளர்ந்து உயரமும் எடையும் கூடும்போது வீல்சேரின் தேவை கூடலாம். அப்போது அது தோல்வியாகத் தெரியாமலிருக்க இப்போதே பழகியிருப்பது நல்லது.

வாங்கும்போது ஒரே எச்சரிக்கை. தீபாவளிச் சட்டை எடுப்பது போல, வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வீல்சேர் வாங்கிவிடாதீர்கள். இருக்கை அகலம் அவள் இடுப்பைவிட ஓர் அங்குலம் மட்டுமே கூடுதலாக இருக்கட்டும். இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். பாதம் பலகையில் முழுதும் பதிய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் விரல் நுனி சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும். பெரிய வண்டியில் கை சக்கரத்துக்கு எட்டாது. அப்புறம் யாராவது தள்ளத்தான் வேண்டும். தானே போவதற்காக வாங்கியதன் பயனே போய்விடும்.

விழுவது பற்றி

மாமியாரின் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆனால் தூக்கிவைத்துக்கொண்டால் விழாமல் இருக்கக் கற்கவே முடியாது. எங்கே, எப்படி விழுகிறாள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று இடங்கள்தான் வரும்: ஈரத் தரை, மிதியடி அல்லது பாயின் மடிந்த ஓரம், அவசரமாகத் திரும்பும் மூலை. மிதியடிகளை எடுத்துவிடுங்கள். நிலைப்படி உயரமாக இருந்தால் ஒரு சாய்பலகை போடுங்கள். ஓர் அங்குல உயரத்துக்குக் குறைந்தது ஓரடி நீளம் வேண்டும். அதைவிடக் குட்டையாகப் போட்டால் சறுக்கும்.

கூடவே விழவும் எழவும் பழக்குங்கள். தரையில் மெத்தை விரித்து, முழங்கால் போட்ட நிலையிலிருந்து இரண்டு கையையும் முன்னால் ஊன்றி விழச் சொல்லுங்கள். பின்பக்கமாக விழுந்தால் தலை அடிபடும் என்பதால் முன்னால் விழும் பழக்கம் முக்கியம். எழுவதற்கு வரிசை இது: நான்கு கால் நிலை, உறுதியான ஸ்டூலில் இரண்டு கை, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி அரை முழங்கால், பிறகு நிற்றல். தினமும் ஐந்து முறை போதும். விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்காமல் பத்து வரை எண்ணுங்கள், “எப்படி எழப்போற?” என்று கேளுங்கள். மாமியாருக்கே இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். எழுந்து நிற்பதை ஒரு வாரம் கண்ணால் பார்த்தவர் பயம் பாதியாகக் குறையும்.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், அசாதாரணத் தூக்கம், வலிப்பு வந்தாலோ, விழுந்த பிறகு காலை ஊன்ற மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காரணமே தெரியாமல் விழுவது திடீரென்று கூடினால், ஏ.எஃப்.ஓ. சிறிதாகிவிட்டதா, வளர்ச்சி வேகத்தில் தசை இறுகியிருக்கிறதா, இடுப்பில் பிரச்சினையா என்று பார்க்க வேண்டும்.

பாத்ரூமில் தனியாக

இதுதான் பள்ளி திறக்கும் முன் முடிக்க வேண்டிய முதல் வேலை என்பேன். கழிப்பறை போவதை வாக்கரை நிறுத்துதல், கம்பி பிடித்தல், ஜட்டியை இறக்குதல், உட்காருதல், கழுவுதல், எழுதல், ஏற்றிப் போடுதல், கை கழுவுதல் என்று எட்டுச் சிறு வேலைகளாகப் பிரியுங்கள். முதல் வேலையிலிருந்து தொடங்கினால் பாதியில் சோர்ந்து, கடைசியில் நீங்களே முடித்துக் கொடுப்பீர்கள். மாறாகக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் நீங்கள் செய்து, ஜட்டியை இடுப்புவரை ஏற்றும் கடைசி இழுப்பையும் கை கழுவுவதையும் மட்டும் அவளிடம் விடுங்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தைய வேலை. ஒவ்வொரு நாளும் முடித்துவைத்தவள் அவளாகவே இருப்பாள்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்கினால் இறுக்கம் கூடும், சரியாகப் போகவும் முடியாது. பாதம் முழுதும் பதியும் உயரத்தில், நகராத ஒரு பலகை வேண்டும். கைப்பிடிக் கம்பியை அவள் உட்கார்ந்திருக்கும்போது முழங்கை இருக்கும் உயரத்தில், எது வலுவான கையோ அந்தப் பக்கம், சுவரில் துளையிட்டு ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். டவல் கம்பியும், உறிஞ்சி ஒட்டும் ரப்பர் பிடியும் எடை தாங்காது. பலர் வீட்டில் விபத்து நடப்பது அவற்றைப் பிடித்துத்தான். ஹெல்த் ஃபாசட் அதே பக்கம் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டு போடுங்கள். தனிமையும் கிடைக்கும், ஆபத்தும் இருக்காது.

உடை போடும்போது சுவர் மூலையில் முதுகு சாயும்படி குட்டி ஸ்டூலில் உட்கார வையுங்கள். அதிகம் இறுகும் காலை முதலில் நுழைக்கட்டும். கழற்றும்போது அந்தக் காலைக் கடைசியில் எடுக்கட்டும். காலை அவசரத்தில் எல்லாவற்றையும் அவளே செய்யட்டும் என்று நின்றால் இருவருக்கும் கோபம்தான் வரும். வாரநாளில் ஒரே ஒரு வேலை அவளுடையது, மற்றவை ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்கரும் ஏ.எஃப்.ஓ.வும்

நன்றாக நடக்கிறாள் என்பதால் ஏ.எஃப்.ஓ.வைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக நடப்பதற்கே அது ஒரு காரணம். நீங்களாகக் குறைக்க வேண்டாம். குதிகால் முழுவதும் பின்னால் உட்கார்ந்த பிறகு முதலில் கணுக்கால் ஸ்ட்ராப், பிறகு கெண்டைக்கால் ஸ்ட்ராப் என்று போடுங்கள். உள்ளே, ஏ.எஃப்.ஓ.வைவிட உயரமான, மடிப்பில்லாத பருத்தி சாக்ஸ். நம் வெயிலுக்கு மதியம் ஒருமுறை சாக்ஸ் மாற்ற வேண்டும். கழற்றியதும் தோலில் சிவப்பு இருந்தால் நேரம் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டாலும், கொப்புளம் வந்தாலும் செய்து கொடுத்தவரிடம் திரும்பக் கொண்டுபோக வேண்டும். கால்விரல்கள் ஏ.எஃப்.ஓ.வின் அடிப்பலகைக்கு வெளியே நீண்டால் புதிது தேவை. கழுவி வெயிலில் காயவைக்காதீர்கள், பிளாஸ்டிக் வடிவம் மாறிவிடும்.

வாக்கரின் கைப்பிடி, அவள் ஏ.எஃப்.ஓ. போட்டு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்கட்டும். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கும். தோள் தூக்கியிருந்தால் உயரம் அதிகம், முன்னால் கவிழ்ந்தால் குறைவு. ரப்பர் புஷ் வழவழவென்று தேய்ந்ததா, சக்கரத்தில் முடியும் நூலும் சுற்றியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

எண்ணெய் தேய்த்து நீவுவது அவளுக்கு இதமாக இருந்தால் செய்யலாம். இறுக்கம் அதில் தீராது, அது மூளையிலிருந்து வருவது. அழ அழக் காலை இழுப்பதிலும் பயனில்லை. அவளுக்கு வேண்டிய ஒரு காரியத்தை, உதாரணமாக அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து பொம்மையை எடுப்பதை, திரும்பத் திரும்பச் செய்யவைப்பதே நல்ல பயிற்சி.

இடுப்பு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். இறுகிய தொடைத் தசைகள் தொடை எலும்பின் தலையை மெல்ல மெல்லக் குழியிலிருந்து வெளியே தள்ளும். தொடக்கத்தில் வலியே இருக்காது. வலி வரும்போது பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும் கட்டமாக இருக்கலாம். மூன்றாம் நிலைக் குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம். எலும்புத் தலை 30 சதவீதத்துக்கு மேல் வெளியே வந்திருந்தால் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பள்ளியும் அட்டையும்

நாள் முழுக்கத் தாய் வகுப்பில் உட்கார வேண்டும் என்பதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்குவதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. பாகுபாடில்லாத சேர்க்கை, மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பு, அணுகத்தக்க கட்டடம், தனிப்பட்ட தேவைக்கேற்ற நியாயமான வசதி எல்லாம் அதில் வருகின்றன. ஆகவே விளையாட்டு விழாவும் அவளுடையதுதான். 31ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. இதைக் காட்டியதும் தனியார் பள்ளிக் கட்டணம் தானாக நீங்கிவிடும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

சண்டையாகத் தொடங்காமல் ஒரு பக்கக் கடிதமாகத் தொடங்குங்கள். பள்ளியின் தயக்கம் பெரும்பாலும் “விழுந்தால் என்ன செய்வது, பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவது” என்ற இரண்டு கேள்விகளில்தான் இருக்கும். அதற்கு விடையைக் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள்: தரைத்தள வகுப்பு, பாதம் பதியும் உயர நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் வாக்கர், கழிப்பறையில் ஒரு கம்பி, ஓர் ஆயாவுக்கு நீங்கள் நேரில் வந்து காட்டும் பயிற்சி, மணியடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் கிளம்ப அனுமதி. முதல் வாரம் மட்டும் நீங்கள் வளாகத்தில் இருந்து படிப்படியாக விலகுவதாக எழுதுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். உங்கள் வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியரை இப்போதே சந்தித்துவிடுவது இந்த அலைச்சலைப் பாதியாக்கும்.

அட்டையை யாரும் அவள் சட்டையில் குத்தப்போவதில்லை. தேவைப்படும் இடத்தில் மட்டும் நீங்கள் காட்டுவது அது. யு.டி.ஐ.டி. எனப்படும் இந்த அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, ஆதார், புகைப்படம், பழைய மருத்துவ அறிக்கைகளோடு அரசு மருத்துவமனை மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். தேர்வுச் சலுகை, ரயில் கட்டணச் சலுகை, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு என்று எதற்குப் போனாலும் அட்டையோ சான்றிதழோதான் முதலில் கேட்பார்கள். உங்கள் கணவர் பழைய முறையில் வருமான வரி கட்டுபவரானால் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிப்பதற்காக வருமானத்திலிருந்து 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, கடை. உங்கள் தெருவில் மற்ற ஐந்தரை வயதுப் பிள்ளைகள் அந்தக் கடைக்குத் தனியாகப் போகிறார்களா? போகிறார்கள் என்றால், சாலையைக் கடக்க வேண்டியதில்லை என்றால், அவளும் போகலாம். வண்டி குறைந்த சாயங்கால வேளையாகப் பாருங்கள். முதலில் நீங்கள் கூடவே போய்ச் சாக்கடை மூடி, மேடு, கடைப்படி எங்கே என்று அவளையே காட்டச் சொல்லுங்கள். அடுத்த சில முறை பத்தடி பின்னால் வாருங்கள், பேசாமல். பிறகு கடைவாசல் தெரியும்படி உங்கள் வாசலில் நில்லுங்கள். காசு கழுத்தில் தொங்கும் குட்டிப் பர்ஸில், வாங்கியது வாக்கர் பையில். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை முன்பே சொல்லுங்கள்: அவள் படியேற வேண்டாம், அவர் கீழே எடுத்துக் கொடுக்கட்டும், ஆனால் என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்கட்டும், உங்களைப் பார்த்துக் கேட்க வேண்டாம்.